கயித்த இழுங்க

தும்பைப்பாளையம் நகராட்சியின் இணையதளத்தைத் திறந்தவர்கள் எல்லோரும், செத்துப்போன ஒரு மனிதனின் கடைசி வார்த்தைகளைத் தங்கள் வாயால் சொல்லத் தொடங்கியது ஆவணி மாதம் முதல் திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு. அவற்றை முதலில் சொன்னவள், பிறந்ததிலிருந்து இருபத்தாறு வருடங்களாக ஒரு வார்த்தையும் பேசியிராத பூங்கோதை.

அந்த மனிதனின் பெயர் கரிவரதன். நகராட்சியில் ஒப்பந்தத்துக்குத் துப்புரவு வேலை பார்த்தவன். ஆடிப் பெருக்குக்கு நாலு நாள் முன்னால், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டு, கறுப்புத் தண்ணீர் படியேறிக் கடைகளுக்குள் வந்து, ஜனங்கள் வேட்டியையும் சேலையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிய ஒரு பகலில், அவனை இடுப்பில் கயிறு கட்டிக் குழிக்குள் இறக்கினார்கள். ஆளை இறக்கக் கூடாது என்று சட்டம் இருப்பது இறக்கியவனுக்கும் தெரியும், இறங்கியவனுக்கும் தெரியும். கயிற்றின் மறுமுனை மேற்பார்வையாளன் சண்முகவடிவேலின் கையில் இருந்தது. உள்ளே இருந்து வந்த குரலை எதிரில் கடை போட்டிருந்த பூக்காரி கேட்டாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியதால் மேலிருந்து யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது அவளுக்குக் கேட்கவில்லை.

அரை மணி நேரம் கழித்துக் கரிவரதனை வெளியே எடுத்து, குழாயடியில் வைத்துக் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேராக வீட்டுக்குக் கொண்டுவந்து பாயில் கிடத்திவிட்டுப் போனார்கள். அவன் மனைவி குருவம்மா அரசுப் பள்ளியில் வகுப்பறைகளைக் கூட்டி முடித்து வீட்டுக்கு வந்தபோது, அவன் தலைமுடி ஈரமாக இருந்தது. பத்து நாளில் இறப்புச் சான்றிதழ் வந்தது. இறந்த இடம்: வீடு. காரணம்: மாரடைப்பு.

பூக்காரி கேட்டதைக் குருவம்மாவிடம் சொன்னது பதினோராம் நாள்தான். "நாஞ் சொன்னேன்னு எங்கியும் சொல்லிராத ஆத்தா, அந்தச் சண்முகவடிவேலு தயவுலதான் நாங் கடை போட்டிருக்கறேன்" என்று இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனாள்.

குருவம்மா நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். முதல் ஜன்னலில் இரண்டாம் ஜன்னலைக் காட்டினார்கள், இரண்டாம் ஜன்னலில் மாடியைக் காட்டினார்கள், மாடியில் அதிகாரி இல்லை, அதிகாரி வந்த நாளில் அவளுக்குப் பள்ளியில் விடுப்பு இல்லை. கடைசியில் ஒருவர் கண்ணைத் தூக்கிப் பார்க்காமலே சொன்னார்: "எதா இருந்தாலும் ஆன்லைன்ல போடுங்கம்மா. இப்பெல்லாம் அதான்."

அப்படித்தான் அவள் பூங்கோதையின் கணினி மையத்துக்கு வந்தாள்.

பூங்கோதைக்குக் காது நன்றாகக் கேட்கும். தொண்டையும் நாக்கும் உதடும் எல்லோருக்கும் போலத்தான் இருந்தன. குரல் மட்டும் வரவில்லை. டாக்டர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி, பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். அவளுடைய தாய் தெய்வானை அவளைப் படிக்கவைத்து, தட்டச்சு கற்கவைத்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இந்த ஒற்றை அறையைப் பிடித்துக் கொடுத்திருந்தாள். ஜாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று ஊர் ஜனங்கள் வந்து சொல்வதை அவள் தட்டச்சு செய்வாள். யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே அடிப்பாள், அழகுபடுத்த மாட்டாள் என்று பெயர் எடுத்திருந்தாள்.

குருவம்மா எதிரே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ற ஊட்டுக்காரரு ஊட்டுல சாகலீங் கண்ணு. அத மட்டும் மாத்தி எழுதிக் குடுத்தாப் போதும். வேற ஒண்ணுமே வேண்டாம்."

பூங்கோதை தலையாட்டிவிட்டு, மேலே சொல்லுங்கள் என்று கையைக் காட்டினாள்.

"குழிக்குள்ள எறங்கி, முடியாம, மூச்சு முட்டுது, கயித்த இழுங்கன்னு சொல்லியிருக்கறாரு. மேல நின்னவரு இழுக்கல. அவரு என்ன சொன்னாரோ அதயே போடு. நீயா எதும் நல்லாப் பண்ணி எழுதிராத."

பூங்கோதை அடித்தாள். இறந்தவனின் வார்த்தைகள் வந்த இடத்தில் மேற்கோள் குறி போட வேண்டியிருந்தது. அந்தச் சாவி மூன்று மாதமாக வேலை செய்யவில்லை. அடுத்தவர் சொன்னது அடுத்தவர் சொன்னதாகத் தனியே தெரிய வேண்டும் என்பதில் அவள் பிடிவாதக்காரி என்பதால், கொக்கி மாதிரி இருக்கிற அடைப்புக்குறிகள் இரண்டை எடுத்து, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வைத்தாள். அனுப்பு என்பதை அழுத்தினாள். புகார் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். குருவம்மா அதைச் சுருட்டி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலை, வேறொருவரின் குடிநீர் இணைப்பு என்னவாயிற்று என்று பார்க்கப் பூங்கோதை நகராட்சியின் பக்கத்தைத் திறந்தாள். முகப்பிலேயே புதிய புகார்கள் வரிசையாகத் தெரியும். அவள் வாய் திறந்தது. மெல்லிய, கொஞ்சம் கரகரத்த, வேறு யாருடையதும் அல்லாத அவளுடைய சொந்தக் குரல் அதிலிருந்து வெளியே வந்தது.

"மூச்சு முட்டுது. கயித்த இழுங்க."

மகளுக்கு இட்லி கொண்டுவந்திருந்த தெய்வானை தூக்குப்போசியைக் கீழே வைத்தாள். பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. "இன்னொருக்காச் சொல்லு சாமி" என்றாள்.

பூங்கோதை பக்கத்தை மூடித் திறந்தாள். "மூச்சு முட்டுது. கயித்த இழுங்க." மறுபடி மூடித் திறந்தாள். அன்று மதியம் வரை அவர்கள் இருவரும் கடைக்கதவைப் பாதி சாத்திக்கொண்டு இதையே செய்துகொண்டிருந்தார்கள். இட்லி ஆறிப்போனது.

அதற்குள் நகராட்சி அலுவலகத்தில் பிறப்புப் பதிவு எழுத்தர் சொல்லியிருந்தார். வரைபடப் பிரிவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைக்குப் பெயர் சேர்க்க வந்த ஒரு தகப்பன், கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி போனில் பக்கத்தைத் திறந்து, குழந்தையின் காதுக்குள்ளேயே சொன்னான். திருமண மண்டபத்துக்குத் தேதி பார்த்த பெண்வீட்டார் ஆறு பேரும் ஒரே திரையை எட்டிப் பார்த்ததால் ஆறு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். ஆண்கள் ஆண்குரலில் சொன்னார்கள், பெண்கள் பெண்குரலில் சொன்னார்கள், சளி பிடித்தவர்கள் சளிக்குரலில் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் ஒரு கணம் நெஞ்சில் பாரம் இருந்து இறங்கும். பிறகு எல்லாம் வழக்கம்போல நடக்கும், விண்ணப்பம் போகும், ரசீது வரும்.

முதல் வாரம் ஊர் பயந்தது. போனைத் திறக்குமுன் வேப்பிலையை வாயில் வைத்துக்கொண்டார்கள், வேப்பிலையோடு சேர்த்துச் சொன்னார்கள். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு திறந்த ஒரு வாத்தியாருக்குப் புரையேறி, இருமல் நின்ற பிறகு வார்த்தைகள் வந்தன. நகராட்சி வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். உள்ளே கணினி அறைக்குப் பொங்கல் வைத்துச் சாம்பிராணி போட்டதில், புகைக்கு ஒலிக்கும் கருவி ஒலித்து எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள்.

இரண்டாம் வாரம் ஊர் பழகியது. தும்மல் வருவதுபோல, கொட்டாவி வருவதுபோல அதுவும் ஒன்று என்று ஆனது. சொல்கிறவர் சொல்லி முடித்ததும், பக்கத்தில் இருப்பவர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கமாக மெதுவாக ஒரு இழுப்பு இழுத்துவிட வேண்டும் என்று ஒரு மரியாதை, யாரும் கூடிப் பேசி முடிவெடுக்காமலே, ஊருக்குள் வந்து சேர்ந்தது. கணவன் சொன்னால் மனைவி இழுத்தாள். வரிசையில் நிற்பவர் சொன்னால் பின்னால் நிற்பவர் இழுத்தார். தனியாக இருப்பவர்கள் தங்கள் வலது கையால் இடது கையை இழுத்துக்கொண்டார்கள். இழுத்ததும் பாரம் சீக்கிரம் இறங்குகிறது என்று சொன்னார்கள், அது உண்மையாகவும் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாக்கி, மூச்சு முட்டுது என்று ஒருவன் கத்த, நாலு பேர் அவனை மைதானம் முழுக்க இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அந்த மைதானத்தைக் கூட்டுகிறவள் குருவம்மா.

ஊரில் எல்லோருக்கும் அவை யாருடைய வார்த்தைகள் என்று தெரியும். புகாரிலேயே பெயர் இருந்தது. ஆனால் கையை இழுத்துவிட்டதோடு கடமை தீர்ந்துவிட்டது போல இருந்ததால், ஒருவர்கூட அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு அவள் வீட்டுத் தெருவுக்குப் போகவில்லை. போனவை வார்த்தைகள்தான். ரேஷன் கடையில் அவளுக்கு முன்னால் நின்றவள் சொன்னாள். தலைமை ஆசிரியர் தன் அறையில் சொன்னார். பஸ்ஸில் முன்சீட்டுக்காரன் சொல்லி, பக்கத்திலிருந்தவன் பேச்சை நிறுத்தாமலே அவன் கையை இழுத்துவிட்டான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, அம்பது தடவை, முன்பின் தெரியாத தொண்டைகளிலிருந்து அவள் புருஷன் மூச்சு முட்டிச் செத்துக்கொண்டே இருந்தான். அவள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். பஞ்சு வழியாகவும் கேட்டது.

புரட்டாசியில் ஒரு காலை அவள் பூங்கோதையின் மையத்துக்கு வந்தபோது உள்ளே கூட்டமாக இருந்தது. பழம், பூத் தட்டு. வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். ஊமைப் பெண் வேண்டாம் என்று இதற்கு முன் ஏழு இடங்களில் சொல்லிவிட்டதால், தெய்வானை இந்த எட்டாவது இடத்தாரை வீட்டுக்குக் கூப்பிடாமல் நேராகக் கணினிக்கு முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தாள்.

"எம் பொண்ணு பேசுவாளுங்க. ரெண்டே வார்த்தைதான், ஆனாப் பேசுவா. நீங்களே கேளுங்க" என்றாள் தெய்வானை. திரை அவர்கள் பக்கம் தெரியாதபடி திருப்பியிருந்தது. பூங்கோதை பட்டுப்புடவையில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தாள்.

"மூச்சு முட்டுது. கயித்த இழுங்க."

"குரல் நல்லா இருக்குதுங்க" என்றாள் மாப்பிள்ளையின் தாய். மாப்பிள்ளையின் அக்கா, ஊர் வழக்கம் தெரியாமல், சிரித்தாள். தெய்வானை மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டாள். பூங்கோதை அந்த நேரம் வாசலில் நின்றுகொண்டிருந்த குருவம்மாவைப் பார்த்தாள்.

வந்தவர்கள் கலந்து பேசிச் சொல்வதாகப் போன பிறகு குருவம்மா உள்ளே வந்து நின்றாள்.

"அத எடுத்துரு கண்ணு" என்றாள். "நாங் கேட்டது அவரு எங்க செத்தாருன்னு ஒரு வரி. நீ எனக்கு அவரு சாவையே தெனமும் குடுக்கற. எடுத்துரு."

தெய்வானை குறுக்கே வந்து நின்றாள். "அவ மேல என்ன தப்புங்க? நீங்க சொன்னத அடிச்சா. இருபத்தாறு வருசமா நாங் கேக்காத குரலுங்க அது. எடுக்கோணும்னா எங்கழுத்த நெரிச்சுட்டு எடுங்க."

"உங்க புள்ள பேசறது என்ற புருசன் சாகறதுங்கக்கா."

தெய்வானை நகரவில்லை. பூங்கோதை நோட்டில் ஏதோ எழுதிக் கிழித்து நீட்டினாள். குருவம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தெய்வானைதான் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தாள்: போட்டதை என்னால் எடுக்க முடியாது. புகார் யார் மேலோ அவர் திறந்து பதில் எழுதினால்தான் அதை எடுக்க முடியும்.

புகார் யார் மேலோ அவன் சண்முகவடிவேல். ஆவணி முதல் திங்கட்கிழமையிலிருந்து அவன் மருத்துவ விடுப்பில் இருந்தான். வீட்டில் போனை உடைத்துவிட்டான் என்றும், பிள்ளைகளின் போனையும் வாங்கிக் கிணற்றில் போட்டான் என்றும் சொன்னார்கள். நகராட்சியில் அந்த வார்த்தைகளைச் சொல்லாத ஒரே ஆள் அவன்தான்.

இது இப்படியே வருடக்கணக்கில் போயிருக்கும். மாவட்டத் தலைநகரில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில்தான் வினை வந்தது. எங்கள் நகராட்சியின் இணைய சேவை என்று தும்பைப்பாளையம் ஆணையர் பெரிய திரையில் பக்கத்தைக் காட்ட, கூட்டத்தில் இருந்த அறுபத்து மூன்று அதிகாரிகளும் ஒரே குரலில் சொல்லி முடித்தார்கள். அவர்களுக்குக் கையை இழுக்கும் பழக்கம் இல்லாததால் பாரம் இறங்காமல் நெடுநேரம் வியர்த்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தலைமையில் இருந்தவர் தண்ணீர் குடித்துவிட்டு, "இந்தப் புகாரை விதிப்படி ஒரு வாரத்துக்குள் முடியுங்கள்" என்றார்.

இணையதளத்தை உருவாக்கிக் கொடுத்த எபநேசரை வெளியூரிலிருந்து வரவழைத்தார்கள். முப்பது வயதுக்காரன், தூங்காத கண்கள். பக்கத்தைத் திறந்து, தானும் ஒரு தடவை சொல்லிவிட்டு, பியூன் கையை இழுத்ததைக் கவனிக்காமல் அரை மணி நேரம் உள்ளே தேடினான். பிறகு ஆணையரின் அறைக்கு வந்து நின்றான். அங்கே குருவம்மாவையும் பூங்கோதையையும் வரச்சொல்லி உட்காரவைத்திருந்தார்கள். தெய்வானை கதவோரம் நின்றாள்.

"தப்பு என்னுதுங்க சார்" என்றான் எபநேசர். "ஜனங்க எழுதறத வாங்கி வைக்கிற பெட்டி, எழுத்த எழுத்தாத்தான் வெச்சுக்கணும். நான் அவசரத்துல விட்டுட்டேன். இந்த மாதிரி ரெண்டு கொக்கிக்கு நடுவுல எது இருந்தாலும், இது படிக்கறதுக்கு இல்ல, செய்யறதுக்குன்னு அது எடுத்துக்கும். எழுதினவங்க ஒரே ஒரு தடவதான் எழுதினாங்க. அது உள்ள தங்கிருச்சு. திறக்கறவங்க ஒவ்வொருத்தர் கிட்டயும் புதுசா நடக்குது."

"எழுதினவங்க பேர்ல தப்பு இல்லையா?" என்று கேட்டார் ஆணையர்.

"இல்லீங்க சார். வார்த்தைய நம்பி வாங்கி வெச்சது நாங்க."

"சரி, அழிச்சிருங்க."

"அழிக்கலாம். இல்லன்னா கொக்கிய மட்டும் வெறும் எழுத்தா மாத்திரலாம், வார்த்தை படிக்கறதுக்கு இருக்கும், யாரும் சொல்ல மாட்டாங்க. எதா இருந்தாலும் அஞ்சு நிமிஷ வேலை."

"அழிக்காதீங்க" என்றாள் குருவம்மா. அவள் எழுந்து நின்றிருந்தாள். "கேக்க முடியலைன்னு எடுக்கச் சொன்னது நாந்தானுங்க. ஆனா அழிச்சீங்கன்னா அவரு மறுக்காவும் ஊட்டுலயே செத்தவராயிருவாரு. மொதல்ல பதில் எழுதச் சொல்லுங்க. அப்பறம் என்ன வேணாப் பண்ணுங்க."

ஆணையர் அவளைப் பார்த்தார். இத்தனை நாளில் அவர் அந்த வார்த்தைகளைத் தினமும் காலையில் முதல் வேலையாகச் சொல்லி, டிரைவரிடம் கையைக் கொடுத்து இழுக்கச் சொல்லிவிட்டு வேறு கோப்புக்குப் போயிருந்தார். அந்தப் பெண்ணை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். "சண்முகவடிவேலைக் கூட்டிட்டு வாங்க. விடுப்பு ரத்து" என்றார்.

அவனை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். தாடி வளர்ந்திருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து, அவனுடைய கடவுச்சொல்லை அவனையே அடிக்கச் சொன்னார்கள். அவன் விரல் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை பக்கம் திறந்தது.

"மூச்சு முட்டுது. கயித்த இழுங்க."

எல்லோரும் அங்கே முடிந்தது என்று நினைத்தார்கள். எல்லோருக்கும் அங்கேதான் முடியும். சண்முகவடிவேலுக்கு முடியவில்லை. அவன் வாய் மூடாமல், அவனே, அவனுடைய அன்றைய எரிச்சலோடு, கையால் காற்றைத் தள்ளிவிட்டுச் சொன்னான்:

"இர்றா, போன்ல பேசீட்டிருக்கறது தெரியல?"

அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் மறுபடியும், "மூச்சு முட்டுது. கயித்த இழுங்க" என்றான். மறுபடியும், "இர்றாங்கறேன்ல" என்றான். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் தலையைச் சாய்த்து, தன் காலடித் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வேறு மாதிரியான, சின்னக் குரலில், "டேய்" என்றான். "கரி. டேய் கரி."

பியூன் பழக்கத்தில் அவன் மணிக்கட்டைப் பிடிக்கப் போனான்.

"இழுக்காதீங்க" என்றாள் குருவம்மா.

பியூன் கையை எடுத்துக்கொண்டான். சண்முகவடிவேல் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் நெஞ்சு ஏறி இறங்கியது, ஆனால் பாரம் இறங்கவில்லை, அது அதன் பிறகு ஒருநாளும் இறங்கவில்லை என்று பின்னால் சொன்னார்கள்.

"யாரு கிட்டப் பேசீட்டிருந்தீங்க?" என்று கேட்டாள் குருவம்மா.

அவன் நெடுநேரம் யோசித்தான். "ஞாபகம் இல்லீங்" என்றான்.

அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அவன் நடந்ததைப் பதிலாக எழுதினான். ஆணையர் சான்றிதழைத் திருத்தக் கையெழுத்துப் போட்டார். போலீஸில் ஒரு வழக்குப் பதிவானது, வாய்தா மேல் வாய்தாவாக அது இன்னும் நடக்கிறது. சண்முகவடிவேலைப் பக்கத்து நகராட்சிக்கு மாற்றினார்கள், அதே வேலைக்கு. அங்கேயும் சாக்கடைகள் அடைக்கின்றன.

எபநேசர் அஞ்சு நிமிட வேலையைச் செய்ய உட்கார்ந்தபோது, பூங்கோதை அவன் பக்கத்தில் வந்து நோட்டை வைத்தாள். அதில் எழுதியிருந்தது: கொக்கிக்குள் வேறு வார்த்தை போட முடியுமா? ஒரே ஒரு தடவை?

"போட்டா ஊரே அதச் சொல்லும்" என்றான் எபநேசர். "என்ன வார்த்தை?"

அவள் எழுதினாள்: அம்மா.

கதவோரம் நின்ற தெய்வானைக்கு அது தெரியவில்லை. குருவம்மாவுக்கும் படிக்கத் தெரியாது என்றாலும், எழுதிய கையையும் கதவோரத்தையும் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டாள். "போட்டுக் குடுங்க தம்பி" என்றாள். "ஊரு சொன்னாச் சொல்லட்டும்."

எபநேசர் ஆணையரைப் பார்த்தான். ஆணையர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் கொக்கிகளுக்கு நடுவில் அந்த ஒரு சொல்லை வைத்துச் சேமித்தான். பூங்கோதை பக்கத்தைத் திறந்தாள். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அவன் வேறு விதமாக வைத்தான், இடைவெளி விட்டு வைத்தான், புதுப் புகாராகவே போட்டுப் பார்த்தான். அந்தப் பெட்டிக்குள் கரிவரதனின் வார்த்தைகளைத் தவிர வேறெதற்கும் உயிர் வரவில்லை. பூங்கோதை நாலாம் தடவைக்குப் பிறகு தானாகவே எழுந்துகொண்டாள். எபநேசர் கொக்கிகளை எழுத்தாக மாற்றினான். கடைசியாக ஒருமுறை எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். மூச்சு முட்டுது, கயித்த இழுங்க என்று அதில் எழுதியிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

தெய்வானை அதற்குப் பிறகு மூன்று நாள் மையத்துக்கு வந்து, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திரையை அவள் பக்கம் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். நாலாம் நாள் வரவில்லை. எட்டாவது இடத்தாருக்கு அவளே போன் செய்து, வேண்டாங்க என்று சொல்லிவிட்டாள். ஊர் ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் மறந்தது. இரண்டொருவர் மட்டும் பக்கத்தைத் திறந்ததும் காரணம் தெரியாமல் தங்கள் இடதுகையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

ஐப்பசியில் மழை பிடிக்கும் முன் திருத்திய சான்றிதழ் வந்தது. பூங்கோதை அதை அச்செடுத்து, உறையில் போட்டு, பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்க் குருவம்மாவின் கையில் கொடுத்தாள். குருவம்மா அதைப் பிரித்து, மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன போட்டிருக்குது, படி" என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. பூங்கோதை தொண்டையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வாத்தியார்களிடம் நீட்டக் குருவம்மாவுக்கு மனம் வரவில்லை. அந்த வார்த்தைகளைச் சொல்லியிருந்த எந்த வாயிடமும் அதைக் கொடுக்க அவள் விரும்பவில்லை. இரண்டு பேரும் நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். பழனி பஸ் நிற்கும் இடத்தில், இரண்டு பைகளோடு ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்தாலே அசலூர் என்று தெரிந்தது.

"இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?" என்றாள் குருவம்மா.

அந்தப் பெண் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பஸ்ஸின் பலகையைப் படிக்கிறவள் மாதிரி, சாதாரணமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "இறந்தவர் பெயர் கரிவரதன். வயது முப்பத்தொம்பது. இறந்த இடம், பேருந்து நிலையப் பின்புறக் கழிவுநீர்க் குழி. காரணம், குழிக்குள் மூச்சுத்திணறல்." அங்கே நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றினாள். "இது யாருங்க?"

"என்ற ஊட்டுக்காரருங்."

பழனி பஸ் வந்து நின்றது. ஜனங்கள் முண்டியடித்து ஏறினார்கள், நடத்துநர் விசில் ஊதினார். அந்தப் பெண் பஸ்ஸை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஒரு பையைத் தூக்கி மடியில் வைத்து, பெஞ்சில் இடம் ஒதுக்கினாள்.

"உக்காருங்க" என்றாள். "எப்படிங்க ஆச்சு?"

குருவம்மா உட்கார்ந்தாள். பஸ் கிளம்பிப் போய், புழுதி அடங்கி, அந்த இடம் வெறிச்சென்று ஆன பிறகு, அவள் தன் குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

"அன்னைக்குக் காத்தால அவரு சாப்பிடாமத்தானுங்க போனாரு."